பேரிடருக்கு நீங்கள் தயாரா? வினாடி வினா கேட்காத கேள்விகள்

கேள்வி: பேரிடர் முன்னேற்பாடு பற்றிய வினாடி வினா ஒன்றில் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். மின்சாரம் போனால் ஃபிரிட்ஜில் உணவு எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வி மட்டும் தவறிவிட்டது. இதை வைத்து என் குடும்பம் தயாராக இருக்கிறது என்று சொல்லலாமா? இல்லையென்றால் என் அறிவை வேறு எப்படிச் சோதிப்பது?

முதலில் ஃபிரிட்ஜை முடித்துவிடலாம். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் உணவு சுமார் 4 மணி நேரம் பாதுகாப்பாக இருக்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் உண்டாக்கும் கிருமிகள் எல்லாமே வாடை வீசுவதில்லை. அந்த ஒரு மதிப்பெண் போனதற்காகக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் சரியாகச் சொன்ன ஒன்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வினாடி வினாவில் நான்கு விடைகள் கண்ணெதிரே இருக்கின்றன. வெளிச்சம் இருக்கிறது, யோசிக்க நேரம் இருக்கிறது, பக்கத்தில் குழந்தை அழவில்லை. சரியான விடையைப் பார்த்ததும் ‘ஆமாம், இதுதான்’ என்று மனம் அடையாளம் கண்டுகொள்கிறது. ஆபத்து வரும்போது விடைகளை யாரும் வரிசையாக எழுதிக் காட்டப்போவதில்லை. தூக்கக் கலக்கத்தில், இருட்டில், சில நொடிகளுக்குள் நீங்களாகவே அதை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். பயிற்சி வகுப்புகள் எடுக்கும்போது இந்த வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ‘நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால், ‘மேஜைக்கு அடியில் போவோம்’ என்று அறை முழுவதும் ஒரே குரலில் பதில் வரும். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, திடீரென்று ‘இப்போது ஆடுகிறது!’ என்று உரக்கச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் முதலில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்ததாக வாசலைப் பார்ப்பார்கள். மேஜை அவர்கள் முழங்காலுக்கு முன்னாலேயே இருக்கும்.

இது அவர்களுடைய குறை இல்லை. ஆபத்தின் அறிகுறி தெரிந்ததும் ‘இது நிஜம்தானா?’ என்று மற்றவர்களிடம் உறுதிசெய்துகொள்ளத் தேடுவது மனித இயல்பு. மற்றவர்களும் அதே நேரத்தில் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் சிக்கல். எல்லாரும் அசையாமல் நிற்பதைப் பார்த்து எல்லாரும் அசையாமல் நிற்பார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தயார் என்று சொல்ல முடியாது, இன்னும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள, நீங்கள் சரியாகச் சொன்ன ஒவ்வொரு விடையையும் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். அது நம் வீட்டில் எந்த இடத்தில் நடக்கும்? யார் கை அதைச் செய்யும்? அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் யார் கை?

அதற்காக வினாடி வினாவே வீண் என்று சொல்லமாட்டேன். மனதில் ஊறிப்போன தவறான நம்பிக்கைகளைப் பிடுங்கி எறிய அதைவிட எளிய வழி இல்லை. சில நம்பிக்கைகள் ஆளைக் கொல்லக்கூடியவை. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிலநடுக்கத்தின்போது கதவு நிலைக்குக் கீழே நிற்க வேண்டும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். மண் செங்கல் வீடுகள் இடிந்து கிடக்க, மரநிலை மட்டும் நிற்கும் பழைய படங்களிலிருந்து வந்த நம்பிக்கை அது. இன்றைய கட்டடங்களில் நிலைக்குத் தனியாக எந்த வலுவும் கிடையாது. அதோடு, ஆடும் கதவு விரலை நசுக்கும், மேலே விழும் பொருளிலிருந்து காக்காது. சரியான முறை மூன்று அசைவுகள்: கீழே குனிந்து மண்டியிடுங்கள், மேஜைக்கு அடியில் தலையையும் கழுத்தையும் மறையுங்கள், மேஜையின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொள்வதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். தரை ஆடும்போது மேஜையும் நகரும், அதோடு நீங்களும் நகர வேண்டும். படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, முன்னால் குனிந்து, கையால் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆடும்போது வெளியே ஓடுவது ஏன் ஆபத்து என்றால், ஓடுபவர் விழுவார். விழாமல் வாசலைத் தாண்டினாலும் கண்ணாடி, கைப்பிடிச் சுவர், ஓடு எல்லாம் கொட்டுவது சரியாக அந்த வாசலுக்கு வெளியேதான்.

ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. கனமான கூரை கொண்ட மண் வீடு, வலுவூட்டாத கல் வீடு போன்றவற்றில், தரைத்தளத்தில் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், வெளியே திறந்த வெளி இருக்கிறது என்றால், சட்டென்று வெளியேறுவது சரியாக இருக்கலாம். ஆக, உங்கள் கட்டடம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் இந்தக் கேள்விக்கு முழு விடை கிடையாது. அதை உங்கள் ஊர்ப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம், ஆட்டம் நின்றதும் முதலில் என்ன தேவைப்படும் தெரியுமா? செருப்பு. தரையெல்லாம் உடைந்த கண்ணாடி கிடக்கும் அறையில் வெறுங்காலோடு இரண்டு அடி வைத்தால் போதும், அதன் பிறகு உங்களைத் தூக்கிக்கொண்டு போக ஒருவர் வேண்டும். பழைய ஷூ ஒரு ஜோடி, டார்ச் ஒன்று, இரண்டையும் ஒரு துணிப் பையில் போட்டுக் கட்டில் காலில் கட்டிவிடுங்கள். கட்டாமல் வைத்தால் ஆட்டத்தில் அறையின் அடுத்த மூலைக்குப் போய்விடும்.

சுனாமி பற்றிய கேள்வியில் பலரும் ‘எச்சரிக்கைச் சங்கு ஒலித்ததும் மேட்டுக்குப் போக வேண்டும்’ என்ற விடையைத் தேர்ந்தெடுப்பார்கள். சங்குக்காகக் காத்திருக்கக் கூடாது. கடற்கரையில் இருக்கும்போது நிற்க முடியாத அளவுக்குத் தரை ஆடினாலோ, மெதுவாகவே ஆனாலும் வெகுநேரம் ஆடினாலோ, அந்த ஆட்டமே எச்சரிக்கைதான். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவதும், கடலிலிருந்து பெரும் இரைச்சல் கேட்பதும் அப்படியே. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலநடுக்கம் வந்தது. அதன் சுனாமி இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலூ தீவில் சுமார் 78,000 பேர் வாழ்ந்தார்கள். அங்கே இறந்தவர்கள் 7 பேர். அந்தத் தீவில் சங்கும் இல்லை, கருவியும் இல்லை. 1907இல் அங்கே வந்த சுனாமியின் நினைவு ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லாகத் தாலாட்டிலும் கதையிலும் தங்கியிருந்தது. பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். யாராவது ‘ஸ்மோங்’ என்று கத்தியதும் விளக்கம் கேட்காமல் ஓடினார்கள். அதே நாளில் தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, இரண்டு வாரம் முன்பு வகுப்பில் படித்ததை வைத்து, நுரைத்துக்கொண்டிருந்த கடலைப் பார்த்துப் பெற்றோரை எச்சரித்தாள். கடற்கரையைக் காலி செய்தார்கள். அந்தச் சிறுமியைப் பற்றிப் பேசுபவர்கள் மறந்துவிடும் ஒன்று, பெரியவர்கள் அவள் சொன்னதைக் காதில் வாங்கினார்கள் என்பது. உங்கள் வீட்டுக் குழந்தை ‘இங்கிருந்து போகலாம்’ என்றால் என்ன நடக்கும்? அதையும் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயமாகவே நினைக்கிறேன்.

முதல் அலைதான் பெரிது என்பது இன்னொரு தவறு. அலைகள் பல வரும், இடைவெளி சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் வரைகூட இருக்கும், இரண்டாவதோ மூன்றாவதோ பெரிதாக இருக்கலாம். முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கத் திரும்புபவர்கள்தான் அடுத்த அலையில் சிக்குகிறார்கள்.

சரி, சரியான விடை தெரிந்தும் அது போதாமல் போன ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜப்பானின் கமாய்ஷி நகரத்துப் பள்ளிகளில் டோஷிடாகா கடாடா என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் பேரிடர்க் கல்வி கற்றுத் தந்தார். அவர் பிள்ளைகளுக்குச் சொன்னவை மூன்று: முன்கூட்டிய கணிப்புகளை அப்படியே நம்பாதே, அந்த நேரத்தில் உன்னால் முடிந்த அதிகபட்சத்தைச் செய், மற்றவர்களுக்காகக் காத்திராமல் முதலில் நீ ஓடு. அபாய வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு அதை நம்பாதே என்று சொன்ன ஆசிரியர் அவர். 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவில் பூமி ஆடியபோது, கமாய்ஷி கிழக்கு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் உடனே ஓடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளை மேல்மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததும் அவர்களும் இறங்கிச் சேர்ந்து ஓடினார்கள். முதலில் குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தார்கள். அங்கே பின்னால் இருந்த மலைச்சரிவு சரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு இன்னும் மேலே போனார்கள். அதன் பிறகு இன்னும் மேலே. அந்த இரண்டு பள்ளிகளும் வரைபடத்தின்படி சுனாமி வராத பகுதியில் இருந்தவை. இரண்டையும் கடல் மூழ்கடித்தது. குறித்து வைத்த இடம் பாதுகாப்பானது என்று அங்கேயே நின்றிருந்தால் தேர்வுத் தாளில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். நகரத்தின் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள்.

இனி மற்றவற்றைக் கொஞ்சம் வேகமாகப் பார்க்கலாம்.

வெள்ளத்தில் எல்லாரும் ஆழத்தைத் தப்பாகக் கணிக்கிறார்கள். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். அதாவது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. 30 செ.மீ. நீர் சிறிய காரை நகர்த்தும், 60 செ.மீ. நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். கலங்கிய நீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா, சாக்கடை மூடி திறந்து கிடக்கிறதா என்று வண்டிக்குள்ளிருந்து யாராலும் சொல்ல முடியாது. வண்டியைத் திருப்புங்கள், வேறு விடையே கிடையாது. வீட்டுக்குள் நீர் வரும் என்று தெரிந்தால் அது வருவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள்.

புயலின்போது காற்று திடீரென்று நின்று வானம் தெளிந்தால், புயல் முடிந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள். புயலின் கண், அதாவது அதன் நடுவில் உள்ள அமைதியான பகுதி, உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அதே வெறியோடு வரும். ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் அது உடையாமல் இருக்காது. காற்றழுத்தத்தைச் சமப்படுத்த ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் தவறு. உள்ளே புகும் காற்று கூரையைத் தூக்கும். கடலோரத்தில் காற்றைவிட அதிக உயிரைக் குடித்தது புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர்தான். அதற்கு ஒரே மருந்து முன்கூட்டியே இடம் பெயர்வது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே கரைக்கு வந்தபோது, ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்பே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நம்பிக்கை வருகிறது. முன்னேற்பாடு பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

இடிச் சத்தம் கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரை உள்ள காருக்குள்ளோ போய், கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். காரில் உங்களைக் காப்பது டயரின் ரப்பர் என்று நினைக்காதீர்கள், சுற்றியுள்ள உலோகம்தான் காக்கிறது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்து பலர் தள்ளி நிற்கிறார்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி, தொடங்கினால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

பேரிடர் ஓய்ந்த பிறகு நடக்கும் சாவுகளைப் பற்றி வினாடி வினாக்கள் போதுமான அளவு கேட்பதில்லை. புயலில் தப்பித்த குடும்பம், மின்சாரம் இல்லையென்று ஜெனரேட்டரை வராந்தாவிலோ கார் ஷெட்டிலோ ஓட்டிவிட்டுத் தூங்கப் போகிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம். அப்புறம் எழுந்திருப்பதே இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான விடை. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைப்பதும் இதே வகைச் சாவுதான்.

வெப்ப அலையையும் இந்த வரிசையில் வையுங்கள். எதுவும் இடிந்து விழாததால் அதைப் பேரிடர் என்றே பலர் எண்ணுவதில்லை. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் சுமார் 70,000 பேர் கூடுதலாக இறந்தார்கள்; அதில் வயதானவர்கள் ஏராளம். வெயிலில் ஒருவர் பேச்சு குழறி, குழம்பி, உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்காமல் அந்த நொடியே நீரால் உடம்பைக் குளிர வையுங்கள். தனியாக வாழும் முதியவரின் கதவைத் தினமும் தட்டுவது உங்கள் முன்னேற்பாட்டுப் பட்டியலில் இருக்கிறதா?

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி: எப்படிச் சோதிப்பது? வீட்டில், கையால், இருட்டில். ஓர் இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். மொபைல் வெளிச்சம் கூடாது. டார்ச் எங்கே? எடுத்ததும் எரிகிறதா? வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தடவிப் பார்த்தே மூட வேண்டும். பல வீடுகளில் இது ஒருவருக்குத்தான் தெரியும், அவர் பெரும்பாலும் பகலில் வீட்டில் இருக்கமாட்டார். காஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது என்பதையும் அதே இடத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சுவிட்சின் சிறு பொறி போதும் பற்றிக்கொள்ள. கடாயில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடாயை மூடும் அளவுள்ள மூடி எங்கே இருக்கிறது? அடுப்புக்குப் பின்னால் மாட்டியிருந்தால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். இடத்தை மாற்றுங்கள்.

அடுத்து, படுக்கையறையிலிருந்து வெளிவாசல் வரை கண்ணைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து போங்கள். வீட்டுத் தீயில் அதிகம் கொல்வது புகைதான். புகை மேலே திரளும், மூச்சுவிடக்கூடிய காற்று தரையை ஒட்டியே இருக்கும், அதனால் தவழ்வதுதான் வழி. மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் வேறு வழி தேடுங்கள். அந்த வேறு வழி என்ன? ஜன்னல் கம்பி திறக்குமா, பூட்டியிருந்தால் சாவி எங்கே? தவழும்போதுதான் தெரியும், நடைவழியில் நீங்களே வைத்த செருப்பு ஸ்டாண்டும் சைக்கிளும் எவ்வளவு பெரிய தடை என்று. காகிதத்தில் எழுதும் எந்தத் தேர்விலும் இது தெரியவராது.

தண்ணீரைக் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர், குறைந்தது 3 நாளைக்கு என்பது பொதுவான அளவு. நால்வர் உள்ள வீட்டுக்கு 48 லிட்டர். அதைத் தரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள், எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அப்போது புரியும். மாடித் தொட்டி இருக்கிறதே என்பார்கள். மோட்டார் ஓடாவிட்டால் அது எத்தனை நாள் வரும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? சந்தேகமான நீரைக் கொதிநிலைக்கு வந்த பிறகு 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் 3 நிமிடம். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். எண்ணெய், பூச்சிக்கொல்லி போன்றவை கலந்த வெள்ளநீரைக் கொதிக்க வைத்தும் குடிக்கக் கூடாது.

அவசரப் பையைத் தயாராக வைத்திருப்பவர்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு மாடி இறங்கி ஏறட்டும். பாதி பொருள் தானாகவே வெளியே வந்துவிடும். மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, முக்கியக் காகிதங்களின் நகல், பவர் பேங்க், விசில், கொஞ்சம் ரொக்கம், பேட்டரியில் ஓடும் ரேடியோ ஆகியவை மட்டும் வெளியே வரக் கூடாது. இடிபாட்டில் சிக்கியவர் கத்திக் கத்திச் சோர்ந்துபோவார், விசிலை ஊத மூச்சு போதும்.

மொபைலைக் கீழே வைத்துவிட்டு நெருங்கிய மூன்று பேரின் எண்களை எழுதுங்கள். என் வகுப்புகளில் அதிகம் பேர் தோற்பது இதில்தான். வெளியூரில் ஒருவரைப் பொதுத் தொடர்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் இணைப்புகள் நெரிசலில் திணறும்போதும் வெளியூருக்கு அழைப்பு போகலாம். குரல் அழைப்பு கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

முதலுதவியையும் கையால்தான் சோதிக்க வேண்டும். தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர், பற்பசையோ ஐஸோ கூடாது என்பது மனப்பாடம். ஆனால் கடிகாரத்தை வைத்துக் கையைக் குழாயடியில் 20 நிமிடம் நீட்டிப் பாருங்கள், எவ்வளவு நீளமான நேரம் அது என்று தெரியும். சிபிஆரில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். கெட்டியான தலையணையில் இரண்டு நிமிடம் செய்து பார்த்தால் மூச்சு வாங்கும். ஆள் மாற்றிக்கொள்ள ஏன் இன்னொருவர் வேண்டும் என்று அப்போது விளங்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான சோதனை ஒன்று இருக்கிறது: எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவோம்? 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்து, உருகிய பனியும் சேறும் இறங்கி ஆர்மேரோ நகரத்தை மூடியது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். அந்த நகரம் சேற்றின் பாதையில் இருப்பதைக் காட்டும் அபாய வரைபடம் முந்தைய மாதமே தயாராகியிருந்தது. அறிவு இருந்தது. கிளம்பு என்ற முடிவு நேரத்துக்கு வரவில்லை. வீட்டு அளவிலும் இதேதான் நடக்கிறது. ‘இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் அடங்கிவிடுகிறார்கள். ஆகவே முடிவை அமைதியான நாளிலேயே எடுத்து எழுதி வையுங்கள். தெருமுனைப் பாலத்தின் இந்தக் கோட்டை நீர் தொட்டால் கிளம்புவோம். மலையோர வீடாக இருந்தால், ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ குறைந்தாலோ, கதவுகள் புதிதாக இறுக ஆரம்பித்தாலோ, சுவரில் புது விரிசல் தெரிந்தாலோ கிளம்புவோம். கூடவே ஒரு விதி: வீட்டில் யாராவது ஒருவர் கிளம்பலாம் என்றால் எல்லாரும் கிளம்ப வேண்டும். வேண்டாம் என்று தடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. வீணாகக் கிளம்பிப் போய்த் திரும்பி வந்தால் ஓர் இரவுத் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

அந்த முடிவில், ஓட முடியாதவர்களை முதலில் வையுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை எந்த நாற்காலியில் வைத்து, எந்த இரண்டு பேர், எந்தப் படி வழியாக இறக்குவார்கள்? தீயின்போது லிஃப்ட் கிடையாது. இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும், ஆக்சிஜன் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். இவற்றுக்கு மாற்று என்ன என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். இந்த வீடுகளுக்கு எச்சரிக்கை வந்ததும் முதல் ஆளாகக் கிளம்புவதே திட்டமாக இருக்க வேண்டும்.

இப்போது தொடங்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். இன்று இரவு வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஆளுக்கொரு காகிதம் கொடுங்கள், எட்டு வயதுக் குழந்தைக்கும் சேர்த்து. ஒருவரையொருவர் பார்க்காமல் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதட்டும். தீப்பிடித்தால் வெளியே எந்த இடத்தில் சந்திப்போம்? வீட்டுக்குத் திரும்ப முடியாவிட்டால் எங்கே சந்திப்போம்? வெளியூரில் யாருக்குத் தகவல் சொல்வோம், அவர் எண் என்ன? மெயின் சுவிட்ச், ரெகுலேட்டர், டார்ச் எங்கே இருக்கின்றன? எந்த அறிகுறியைக் கண்டால் வீட்டை விட்டுக் கிளம்புவோம்? முடிந்ததும் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே விடையை எழுதிய கேள்விக்குத்தான் மதிப்பெண். விடைகள் வேறுபடும் இடத்தை அன்றே பேசி முடியுங்கள், மறுநாள் காலையில் அந்த இடத்துக்கு எல்லாரும் ஒருமுறை நடந்து போய்விட்டு வாருங்கள். வீடு மாறினாலும், யாருக்காவது மருந்து மாறினாலும், குழந்தை பள்ளி மாறினாலும் பழைய விடைகள் செல்லாது, திரும்ப எழுத வேண்டும். இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, டார்ச் பேட்டரியையும் சேமித்த தண்ணீரையும் மாற்றும் அன்று, இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.